ஒரே தோட்டா

"மானைச் சுட்டது நான். அதைத் தின்ன லேப்காரன் உத்தரவு எதுக்கு?" வெர்லின் கறிக்கடை மேசையை ஓங்கித் தட்டினார்.

கடைக்காரி மார்லிஸ் பிளீச்சிங் தண்ணீரில் ஊறப்போட்ட கத்திகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தலையை டெஸ்டுக்கு அனுப்பியிருக்கு. அந்தப் பிரியான் நோய் மான் மூளையைச் சல்லடையாக்கிடும். கறியை எவ்வளவு வேக வெச்சாலும் போகாது. ரிசல்ட் வர்ற வரைக்கும் உங்க மான் தனியாத்தான் கிடக்கும்."

"இன்னிக்கு சாயங்காலம் வேட்டைச் சங்கத் தலைவர் தேர்தல்! என் மான்ல சாசேஜ் போடறேன்னு ஊர் பூரா சொல்லியாச்சு. ஓட்டுப் போச்சுன்னா?"

"ஓட்டுதானே போகும். மூளை மிஞ்சுமில்ல?"

"விஸ்கான்சின்லயே ஒரே தோட்டாவுல மானைச் சாய்க்கிறவன் நான். நோயா இல்லையான்னு நாக்குல வெச்சாலே சொல்லிடுவேன்."

"லேபை வாயிலேயே வெச்சிருக்கீங்க. எங்களுக்குத்தான் தெரியல."

வெர்லினுக்குப் பின்னால் நின்ற அவர் மனைவி ஆர்லீன் களுக்கென்று சிரித்தாள்.

"உனக்கென்ன சிரிப்பு? வேட்டைக்கு நானும் வர்றேன்னு அடம்பிடிச்சியே, பொம்பளைக்குக் காட்டுல என்ன வேலைன்னு உங்க அக்கா வீட்டுக்கு அனுப்பினேனே, மறந்துட்டியா?"

"மறப்பேனா? அக்டோபர் பூரா அங்கதானே கிடந்தேன்." ஆர்லீன் மார்லிஸைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள்.

"சரி, சாயங்காலம் சாசேஜ் வந்துடும்," என்றாள் மார்லிஸ்.

சத்தம் போட்டால் வேலை நடக்கும் என்று வெர்லின் மீசையைத் தடவிக்கொண்டார்.

சாயங்காலம் சங்கக் கூடத்தில் முதல் சாசேஜைக் கண்ணை மூடிக்கொண்டு கடித்தார்.

"பார்த்தீங்களா! ஒரே தோட்டா. துடிக்கக்கூட இல்ல. அதான் வெண்ணெயாட்டம் இருக்கு. இதுல போய் நோயாம்!"

கூடமே கைதட்டியது. "வெர்லினுக்கு ஓட்டுப் போடறவங்க கையைத் தூக்குங்கப்பா," என்றார் செயலாளர்.

"கொஞ்சம் பொறுங்க," மார்லிஸ் எழுந்தாள். "வெர்லினோட மான் இன்னும் என் ஃப்ரீசர்லதான் கிடக்கு. ரிசல்ட் வரல. நீங்க சாப்பிட்டது அக்டோபர்ல வந்த மான். நோய் இல்லைன்னு போன வாரமே தெரிஞ்சிடுச்சு."

உயர்ந்த கைகள் பாதியில் நின்றன.

"அப்போ இதைச் சுட்டது யாரு?" வெர்லின் வாயில் பாதி சாசேஜ் இருந்தது.

ஆர்லீன் அவர் தட்டில் இன்னொன்றை வைத்தாள்.

"சுடல, ராசா. அம்பு விட்டேன். ஒண்ணே ஒண்ணுதான்."