கட்டில்காலில் மாட்டிய ஸ்டாண்டு

தூத்துக்குடி சூசைராஜின் காப்புரிமை விண்ணப்பத்தில் ஒரு குறையும் இல்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் மனைவியை இரண்டு கையாலும் தாங்கி உட்கார வைத்தால், நெஞ்சுக்கு நேரே, நுரையீரலைப் படமெடுக்கும் கைஸ்கேனரை யார் பிடிப்பது? அதற்காகவே கட்டில்காலில் மாட்டும் ஸ்டாண்டு ஒன்றைச் செய்திருந்தார். காப்புரிமை கிடைத்தால் வாங்கிக்கொள்ள ஒரு கம்பெனியும் தயாராக இருந்தது.

ஆனால் இப்போதெல்லாம் வீட்டுக் கேமராக்கள் பதிந்ததையும் துழாவிய பிறகுதான் ஒரு பொருள் புதியதா என்று முடிவாகும். தேடுபொறி ஒரு காட்சியை எடுத்து நீட்டியது. விண்ணப்பிப்பதற்கு முந்தைய மாதமே, சூசைராஜின் பக்கத்து வீட்டுக் கட்டிலில் அதே ஸ்டாண்டு.

பரிசோதகர் கார்குழலி விசாரணை அறையில் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். சட்டத்தில் ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது: ரகசியமாகக் கொடுத்திருந்தால் அது வெளியானதாகாது.

"குடுக்கும்போது, இதை வெளிய சொல்லக்கூடாதுன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது.

சூசைராஜ் யோசிக்கவே இல்லை. "பக்கத்து வீட்டுப் பச்சப்புள்ள மூச்சு விட முடியாம கெடந்துச்சு மேடம். யாரு கேட்டாலும் இதப் பாத்துச் செஞ்சுக்கிடச் சொல்லுங்கன்னுதான் சொன்னேன்."

கார்குழலி நிராகரிப்பில் கையெழுத்திட்டாள். நிறுத்த மறந்த தேடுபொறி திரையில் இன்னும் காட்சிகளைக் குவித்துக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் துடைப்பக் கட்டையில், இன்னொரு வீட்டில் குடைக்கம்பியில் செய்ததாக, அவர் போயே இராத ஊர்களில், கட்டில் கட்டிலாக அதே ஸ்டாண்டு.

சூசைராஜ் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"இந்த வீட்டுல ரொம்ப ஒசரத்துல மாட்டிட்டாங்க மேடம். கொஞ்சம் எறக்கச் சொல்லணும்."