டவரில் தொங்கியது

“இதுல பாரு, ஒரு இறகாவது தெரியுதா? வழுவழுன்னு பாலித்தீன் கவர் மாதிரி இருக்கு.” ராஜகோபால் தன் கேமராவின் பின்திரையைத் தங்கை ஷோபாவிடம் காட்டினார். “பருந்து மாதிரி செஞ்ச பட்டம்மா இது. உசுராவது ஒண்ணாவது.”

நாச்சாரத்தில் அவர்கள் நின்றிருந்த மொட்டைமாடிக்கு எதிரே ஒரு தொழிற்சாலை, சங்கராந்தி விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்தது. அதன் கூரைமேல் இருந்த செல்போன் டவரின் உச்சியில், மாஞ்சா நூலில் சிக்கி, பழுப்பாக ஏதோ தலைகீழாகத் தொங்கியது. காற்று வீசினால் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது.

ஷோபாதான் அதை முதலில் பார்த்து, பறவை மீட்புக் குழுவுக்குப் போன் செய்தவள். அங்கே பேசிய நிகில் பொறுமையாகத்தான் சொன்னான். ஊர் முழுக்கப் பறவைகள் நூலில் மாட்டியிருக்கின்றன, அவ்வளவு உயரத்துக்கு ஏணி நீளும் வண்டியோ ஒன்றுதான். உயிருள்ள பறவை என்று தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்பினால் வண்டி வரும். இருட்டிவிட்டால் யாரையும் மேலே ஏற்ற முடியாது.

சூரியன் ஏற்கெனவே தொழிற்சாலைக் கூரைக்குப் பின்னால் போயிருந்தது.

ஷோபாவின் கணவர் முரளி கல்யாணப் படம் எடுப்பவர். அவருடைய மிரர்லெஸ் கேமரா, லென்ஸோடு சேர்த்தால் கைக்குழந்தை கனம். அதில் எடுத்த படத்தில் வானம் இருந்தது, டவர் இருந்தது, நடுவே ஒரு பழுப்புப் புள்ளி இருந்தது.

ராஜகோபாலின் சூப்பர்ஜூம் கேமரா போன வாரம் வாங்கியது. உள்ளங்கையில் அடங்கும், விசையைத் தள்ளத் தள்ள லென்ஸ் நீண்டுகொண்டே போகும். லென்ஸ் எட்டாத தூரத்துக்கும் கேமராவே படத்தை இன்னும் பெரிதாக்கித் தரும்.

“இவ்ளோ பெரிய கேமராவுல ஒரு புள்ளிதான் வெச்சிருக்கீங்க மாப்பிள்ளை. மிச்சக் கோலத்த யாரு போடறது?”

“நக்கோ மச்சான், அப்படிச் சொல்லாதீங்க.” முரளிக்கு விளக்கிச் சொல்வது பிடிக்கும். “வெளிச்சம் போய் விழற சென்சார் உங்களதுல சுண்டுவிரல் நகம் அளவு. என்னோடது பெரிய தபால்தலை அளவு. வெளிச்சம் கம்மியானா உங்க படம் பூரா மணல் கொட்டினாப்ல ஆயிடும். அது நமக்குத் தெரியக் கூடாதுன்னு கேமராவே பூசி மெழுகிடும்.”

“பூசினாலும் மெழுகினாலும் எதிர்ல என்ன இருக்குன்னு தெரியுதுல்ல? உங்க புள்ளியில என்ன தெரியுது?”

ஷோபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “யாரோட படத்த அனுப்பறதுன்னு சொல்லுங்க. இருட்டுது.”

“அஞ்சு நிமிஷம் குடு. லேப்டாப்புல போட்டுப் பெரிசு பண்ணிடறேன்,” என்றார் முரளி. மண்டபத்துப் பழக்கத்தில், விரலை எடுக்காமல் ஒரே மூச்சில் வரிசையாகப் பல படங்கள் எடுத்திருந்தார்.

அதற்குள் போன் அடித்தது. வண்டி ஹப்சிகுடா சிக்னலில் நிற்கிறதாம். மல்காஜ்கிரியில் ஓர் ஆந்தை மாட்டிக்கொண்டிருக்கிறது, அது உயிரோடு இருப்பது நிச்சயம். நாச்சாரமா, மல்காஜ்கிரியா என்று இப்போதே சொல்ல வேண்டும் என்றான் நிகில்.

ராஜகோபால் குரலைத் தணித்துக்கொண்டார். “காலைல பக்கத்து மாடிப் பசங்க பருந்துப் பட்டம் விட்டாங்களா, இல்லையா?”

“விட்டாங்க அண்ணா. ஆனா…”

“ஆனா என்ன? வண்டி இங்க வந்து பாலித்தீனக் கழட்டிக்கிட்டு இருக்கும், அங்க ஆந்தை செத்துப்போகும். அந்தப் பாவம் நமக்கு வேணுமா?”

ஷோபா கணவரைப் பார்த்தாள். முரளி வாயைத் திறந்தார். மச்சானிடம் அதற்கு மேல் வாதாடிப் பழக்கமில்லாமல் மூடிக்கொண்டார். ஒரு படத்தில் புள்ளி, இன்னொன்றில் திரை நிறைய வழுவழுப்பு. அவள் அண்ணனின் படத்தை அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது. ‘பட்டம்தான் மேடம். தேங்க்ஸ்.’ வண்டி மல்காஜ்கிரிக்குப் போய்விட்டது.

கீழே இறங்கி வந்து காபி குடித்தார்கள். ஓர் ஆந்தையாவது பிழைக்கும் என்று ஷோபா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெளியே நன்றாக இருட்டி, டவரின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது.

முரளி லேப்டாப்பில் கார்டைச் செருகினார். “பட்டமாவே இருக்கட்டும் மச்சான். பெரிய சென்சார்னா என்னன்னு மட்டும் பாருங்க.” புள்ளியைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். புள்ளிக்குள் கோடுகள் வந்தன, கோடுகளின் ஓரத்தில் மெல்லிய பிசிறுகள் வந்தன.

ராஜகோபால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “ஹவ், ஆமா, ஒத்துக்கறேன். இறகக்கூடக் கோடு கோடா பிரிண்ட் பண்ணியிருக்கான் பாருங்க. கண்ணப் பாரு ஷோபா, மணி மாதிரி. பேகம் பஜார்ல செஞ்சவன் கைக்குத் தங்கக் காப்பு போடணும். உங்க கேமராதான் ஜெயிச்சுது மாப்பிள்ளை.”

முரளி மனம் குளிர்ந்து அடுத்த படத்துக்குப் போனார். ஷோபா டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அண்ணா, இதுல கண்ணு மூடியிருக்கு.”