ஜெனரலுக்கு ஒரு வாழ்த்துப்பா

"இதை எழுதினது நீங்கதானா?"

கம்பளிக் கோட்டைத் தூசி தட்ட எடுத்தபோது அதன் உள்பையிலிருந்து ஒரு கார்பன் பிரதி விழுந்தது. ஹெர்மினியா அதைக் கணவனின் மூக்குக்கு நேரே நீட்டினாள். எலாடியோ குனிந்து, செப்டம்பர் வெயிலில் தடித்த கம்பளிக் காலுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஆமா, நான்தான்."

"ஜெனரலுக்கு வாழ்த்துப்பா! அவர் வாள் சூரியனாம். அவர் வந்த பிறகுதான் கோதுமையே விளைஞ்சுதாம். எழுதறப்ப கை கூசலையா உங்களுக்கு?"

"பாட்டு எப்படி இருக்கு? அதைச் சொல்லு."

"நல்லா இருக்கு. அதுதான் இன்னும் அசிங்கம்."

இந்த மனிதர் கதிர் அறுப்பவர்களைப் பற்றி எழுதிய புத்தகத்தைத்தான் ஒரு காலத்தில் ஊர்ச் சதுக்கத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். அதற்காக நான்கு வருடம் சிறை. அங்கே ஜெயிலரைப் புகழ்ந்து கிறிஸ்துமஸுக்கு நாலு வரி எழுதச் சொன்னபோது, முடியாது என்று சொல்லி, காலுறைகூட இல்லாமல் குளிரில் விறைத்தபடி இருட்டறையில் கிடந்தார். ஹெர்மினியா அப்போது ஊரார் வீட்டுத் துணிகளைத் துவைத்துத்தான் வயிற்றைக் கழுவினாள். ஆனாலும் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தாள்.

ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினாள். "எங்கண்ணன் மார்சியலை நடுரோட்டுல நிறுத்திச் சுட்டவங்க இவங்க. மறந்துட்டீங்களா? பள்ளிக்கூடத்துல பாடம் சொல்லிக் கொடுத்ததைத் தவிர என்ன தப்பு பண்ணினான் அவன்? ஒரு பூசை வைக்கப் போனா, அந்தப் பேரைக் கோயில்ல வாசிக்க முடியாதுன்னு பாதிரியாரே கையெடுத்துக் கும்பிடறாரு. யாரைச் சுடணும்னு பட்டியல் எழுதிக் கொடுத்த ரோகெதான் இன்னிக்கு மேயர். அந்த ஆள் கையாலயா பரிசு வாங்கப் போறீங்க?"

எலாடியோ நிமிரவில்லை. "பரிசு கிடைச்சாகணும், ஹெர்மினியா. நீயும் கூட வரணும்."

"எதுக்கு? ஊரே காறித் துப்பறதைப் பக்கத்துல உக்காந்து பார்க்கவா?"

"இருபது வருஷத்துல உன்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல."

அது உண்மைதான். அதனால்தான் போனாள்.

திருவிழாக் கவிதைப் போட்டிக்கு ஒரு முறை உண்டு. கவிதைத் தாளில் பெயர் இருக்கக் கூடாது. ஓர் அடையாள வரி மட்டும் இருக்கலாம். பெயரைத் தனியாக எழுதி உறைக்குள் வைத்து ஒட்டி, உறையின் மேல் அதே அடையாள வரியைப் போட வேண்டும். ஜெயித்தவரின் உறையை மட்டும் மேயர் மேடையில் பிரிப்பார். மற்ற உறைகளைப் பிரிக்காமலேயே எரித்துவிடுவார்கள். தோற்றவர்களுக்கு மானமாவது மிஞ்சும்.

சதுக்கத்தில் பேண்டு வாத்தியம் ஓய்ந்திருந்தது. அடுத்த வீட்டு நிகாசியா சூரியகாந்தி விதைகளைக் கொறித்துக்கொண்டே பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன ஹெர்மினியா, உன் வீட்டுக்காரர் மாப்பிள்ளைக் கோலத்துல வந்திருக்காரு? இந்த வெயில்ல கம்பளிக் கோட்டு வேற! அடைகாக்கப் போறாரா?"

ஹெர்மினியா மேடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"முதல் பரிசு பெறும் கவிதை!" என்றார் நடுவர் குழுச் செயலாளர். "அடையாள வரி, 'விடியலின் வாள்'."

காலையில் ஹெர்மினியா கையில் பிடித்துக் கத்திய அதே பாட்டு. செயலாளர் உருகி உருகிப் படித்தார். முன்வரிசை அதிகாரிகள் கை வலிக்கத் தட்டினார்கள். எலாடியோவோடு ஒரே அறையில் சிறை இருந்த செருப்புத் தைக்கும் ஃபாபியான், இரண்டு வரிசை தள்ளி இருந்தவர், மெல்லத் திரும்பினார். எலாடியோவை ஒரு பார்வை பார்த்தார். தன் காலடியில் துப்பிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

நிகாசியா முழங்கையால் இடித்தாள். "அடியம்மா! இந்த நடை எனக்குத் தெரியுமே. எரிக்கறதுக்கு முன்னாடி அந்தப் புஸ்தகம் எங்க வீட்டுலயும் இருந்துச்சு. ஜெயில்ல நல்லாத்தான் பழக்கி அனுப்பியிருக்காங்க உன் ஆளை!"

பூமி பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது ஹெர்மினியாவுக்கு. அண்ணன் செத்த அன்றுகூட அவள் இப்படிக் கூனிக் குறுகியதில்லை. அன்று இருந்தது துக்கம். இது வெட்கம்.

"மேடை ஏறினீங்கன்னா, ரெண்டு மணி பஸ்ல நான் கிளம்பிடுவேன். சத்தியமா சொல்றேன்" என்றாள் பல்லைக் கடித்தபடி.

"ஏற மாட்டேன்."

"பரிசு கிடைச்சாகணும்னீங்க?"

"கிடைச்சாச்சே."

"பின்ன எதுக்கு இங்க வந்து உக்காந்திருக்கோம்?"

"கேக்கறதுக்கு" என்றார் எலாடியோ. அவர் முகம் வெளுத்திருந்தது.

மேயர் ரோகெ ஒலிபெருக்கியின் முன்னால் வந்து தொண்டையைச் செருமினார். எதையும் ஒரே மூச்சில் கத்திப் படித்துவிட்டு அப்புறம் யோசிக்கிற ஆசாமி.

"இப்படி ஒரு கவிஞன் நம்ம மண்ணுல பிறந்திருக்கான்! அந்தப் பேரை உக்காந்துகிட்டுக் கேக்கறது மரியாதை இல்ல. எல்லாரும் எழுந்திருங்க!"

நாற்காலிகள் கிறீச்சிட்டன. காவலர்கள் விறைத்து நின்றார்கள். நிகாசியா விதைகளை மடியிலிருந்து தட்டிவிட்டு எழுந்தாள். ஹெர்மினியாவும் வேறு வழியில்லாமல் எழுந்து, தரையைப் பார்த்தபடி நின்றாள். மேயர் உறையைக் கிழித்தார், கண்ணாடியை மாட்டினார், முழங்கினார்.

"நம்ம ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியர், மார்சியல் அரெவாலோ! எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்!"

பதினான்கு வருடமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாத அந்தப் பெயரை, சுடுவதற்குப் பட்டியல் எழுதியவரே சதுக்கத்தின் நான்கு மூலைக்கும் கேட்கக் கூப்பிட்டுவிட்டார். ஊர் மொத்தமும் அதற்கு மரியாதையாக எழுந்து நின்றுகொண்டிருந்தது.