மணல்மேட்டுக்கு அப்பால்

காசாபிளாங்காவிலிருந்து பல நாள் பயணமாகச் சஹாராவுக்கு வந்திருந்த நவாலும் அவள் கணவன் மெஹ்தியும், அன்று மாலை ஒரு மணல்மேட்டின் அடியில் ஒட்டகங்களை விட்டு இறங்கினார்கள். வழிகாட்டி இதிர் தேநீருக்குத் தீ மூட்டினான்.

நவால் விளையாட்டாக, "மெஹ்தி!" என்று கத்தினாள்.

"மெஹ்தி!" மேட்டுக்கு அப்பாலிருந்து அவள் குரலே திரும்பி வந்தது.

"அட, என்னமா எதிரொலிக்குது! இன்னிக்கு இங்கயே தங்கிடலாம்."

"இரு, அந்தப் பக்கம் போய் நானும் கத்திப் பாக்குறேன்" என்று மெஹ்தி எழுந்தான்.

இதிர் அவன் கையை இறுகப் பற்றினான். "வேணாம் சார். உடனே கிளம்புங்க. பெரிய காத்து வரப்போகுது."

"புகை நேரா மேல போகுது, காத்து வருதாம்! டீ போடச் சோம்பலாப்பா?" என்று மெஹ்தி சிரித்தான்.

இதிர் கொதித்த தேநீரைத் தீயில் கவிழ்த்தான். இருவரையும் அவசரமாக ஒட்டகங்களில் ஏற்றி, வெகுதூரம் வந்த பிறகுதான் வாய் திறந்தான்.

"காத்துன்னு பொய்தான் சொன்னேன், மன்னிச்சுக்குங்க. மணல் சத்தத்தைக் குடிச்சிடும்மா. இந்தப் பக்கம் எங்கயும் எதிரொலியே கிடையாது."

நவால் பயத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போது பின்னாலிருந்து அவள் குரல் கெஞ்சியது.

"மெஹ்தி, என்னை விட்டுட்டா போற?"