லேபிளுக்கு அடியில்

குறுந்தகட்டின் லேபிளை உரிக்க நீண்ட கையை அக்காள் எட்டிப் பிடித்தாள்.

"அழுக்குக் காகிதம் அண்ணி, கிழிச்சுட்டா நல்லா ஓடும். இதுக்குப் போய் இவ்வளவு சீராட்டா?" என்றான் தங்கையின் கணவன்.

குறுந்தகட்டின் குரல் பளபளக்கும் பக்கத்தில் இல்லை; லேபிளுக்கு அடியில், மயிரிழையிலும் மெல்லிய வெள்ளிப் பூச்சில் இருக்கிறது. காகிதத்தை இழுத்தால் பூச்சும் வரும்; பூச்சோடு குரலும் போகும். வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவு அறையில் பாதி வாழ்வைக் கழித்தவள், இதைச் சொல்லி அவனை உட்காரவைத்தாள்.

லேபிளில் 'பாட்டு' என்று தங்கையின் கையெழுத்து. அவள் போன பிறகும் அந்தத் தகடு அவர்கள் வீட்டுப் பால்கனியில், புறா விரட்ட, நூலில் ஆடிக்கொண்டிருந்தது. அதே பால்கனியிலிருந்துதான் அவள் தவறி விழுந்தாள் என்றார்கள். துக்கம் விசாரிக்கப் போன அக்காள் தகட்டைக் கேட்டாள். கொடுத்தனுப்பவில்லை, அவனே எடுத்து வந்தான்.

எப்போதும் அப்படித்தான், தங்கை இருந்தபோதும் கூடவே வந்து நிற்பான். கணவன் என்றால் காவலன் என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள். யாரிடமிருந்து காவல் என்று கேட்க அந்தக் கல்யாணக் கூட்டத்தில் ஒரு நாக்கும் எழவில்லை. அன்றுமுதல் தங்கையோடு தனியே ஒரு வார்த்தை பேச அக்காளுக்கு வாய்க்கவில்லை. ஏன் விழுந்தாள் என்று இனி யாரைக் கேட்பது?

ஈரத் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்தாள். தகட்டைக் கணினியில் இட்டு, சுழலும் வேகத்தைக் குறைத்தாள். கீறல் விழுந்த இடத்தைக் கணினி மறுபடி மறுபடி படித்தது. ஒவ்வொரு முறையும் ஒத்துவந்ததை மட்டும் சேமித்தது.

அவன் நாற்காலியை இழுத்து அருகில் போட்டுக்கொண்டான். சத்தமாக வைக்கச் சொன்னான். கீறலின் இரைச்சல் காதைக் கிழிக்கும் என்று சமாளித்து, அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

முதலில் பாட்டு.

பிறகு இரைச்சல்.

பிறகு, மைக்கில் உதடு உரசும் கிசுகிசுப்பு.

"அக்கா, இதைக் கேட்கிறப்ப அவர் உன் பக்கத்துலதான் இருப்பார். அழுதுடாதே. சிரி."

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன வருகிறது என்று கேட்டான்.

அக்காள் சிரித்தாள்.

"பாட்டுதான் மாப்பிள்ளை. பாதியில அடி மறந்துட்டுத் திணறுறா."

அவனும் சிரித்தான்.

காதுக்குள் தங்கை ஒன்றொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்.

ஒவ்வொன்றுக்கும் அக்காள் சிரித்தாள்.