முதல் முட்டை

"வேலை போன மனுஷனும் முட்டை போடாத கோழியும் ஒண்ணுதான்டி. ரெண்டுக்கும் போடற தீனி தண்டம்!"

பக்கத்து வீட்டு மாடியில் அந்த அம்மாள் போனில் யாரிடமோ சொல்லிச் சிரித்தது, இந்த மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் காதில் விழுந்தது. கையில் இருந்தது கணவனின் சட்டை. அதை உதறினாள். ஈரம் போன பிறகும் உதறிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் அவனிடம் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமைக்கு மேல இந்த வீட்டுல கோழி இருக்கக் கூடாது. கறிக்கடையில நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்க."

"என்ன திடீர்னு? இன்னும் பத்தே நாள் பொறு. மூணுக்கும் கொண்டை சிவந்தாச்சு. முதுகைத் தொட்டா அப்படியே குந்துது. முட்டைக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம்."

"அர்த்தத்தை வெச்சு ஆம்லெட் போட முடியுமா? முட்டை இருக்கா, இல்லையா?"

அவன் எழுந்து பின்பக்கம் கோழிகளிடம் போனான்.

அவன் வேலை பார்த்த அச்சகத்தை மூடிய மறுவாரம் குஞ்சுகளாக வாங்கியவை. பழைய மேஜையை உடைத்து அவனே கூண்டு அடித்தான். இந்த ஐந்து மாதத்தில் அவன் தலை நிமிர்ந்து பேசியது அவற்றைப் பற்றி மட்டும்தான்.

கறிக்கடைக்காரருக்குத் தெருவில் 'எமன்' என்று பெயர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"அஞ்சு மாசமா?" அவன் போய்ச் சொன்னதும், கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார். "நல்ல பதம். பஞ்சு மாதிரி இருக்கும்."

"முட்டைக்கு வந்துடுச்சுண்ணே. முதல் முட்டை சின்னதாத்தான் இருக்கும். போகப் போகப் பாருங்க, கடை முட்டையெல்லாம் பிச்சை வாங்கணும்..."

"எத்தனை உருப்படி?"

"மூணு கோழி. ஒரு சேவல்."

"ஞாயித்துக்கிழமை காலையில வந்துடறேன். அடுத்து யாருப்பா?"

ஞாயிறு காலை எமன் கூடையோடு வந்து நின்றார். அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அவள்தான் அவரைப் பின்பக்கம் அழைத்துப் போனாள்.

ஆளைப் பார்த்ததும் இளஞ்சேவல் வீராப்பாகக் கூவத் தொடங்கி, பாதியில் தொண்டை கம்மி நிறுத்திக்கொண்டது.

எமன் குனிந்து கூண்டுக்குள் தோள்வரை கையை விட்டார். ஒரே கொக்கரிப்பு. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கை வெளியே வந்தபோது அதில் கோழி இல்லை. ஒரு முட்டை இருந்தது.

"பிடிங்கம்மா. முட்டைக் கோழியை நான் வெட்டறதில்லை."

"அண்ணே... அப்ப சேவலையாவது..."

"அதுக்கு இன்னும் கூவவே வரலை. கத்துக்கட்டும்."

முகத்தில் அதே கடுகடுப்பு. வெறுங்கூடையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

அவள் முட்டையைப் பார்த்தாள். சின்னதாகத்தான் இருந்தது. ஆனால் துளியும் வெதுவெதுப்பு இல்லை.

திருப்பினாள். அடியில் ஊதா மையில் பொடிப்பொடியாகத் தேதி முத்திரை. கறிக்கடை வாசலில் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும் முட்டைகளில் இருக்கும் அதே முத்திரை. அத்தனையிலும் சின்னதாகப் பொறுக்கி எடுத்த மனிதர் இதைக் கவனிக்கவில்லை.

பக்கத்து மாடியில் அந்த அம்மாள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவள் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றாள். கட்டைவிரலை நாக்கில் தொட்டு முத்திரையைத் தேய்த்தாள். சுவடே இல்லாமல் போகும்வரை தேய்த்தாள்.

பிறகு திரும்பி, முட்டையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மாடிக்கே கேட்கும்படி வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க! கதவைத் திறங்க! உங்க கோழி முட்டை போட்டிருக்கு!"