ஓரத்தில் நின்றவர்

“இந்தா, இந்தச் சந்தை சீன்லதான் மாப்ள வருவாரு. எல்லாரும் கண்ணச் சிமிட்டாமப் பாருங்க!” என்று டிவியைக் காட்டினார் சுருளி.

பாயில் உட்கார்ந்திருந்த சொந்தபந்தம் மொத்தமும் முன்னால் நகர்ந்தது. முத்திருளன் மட்டும், தன்னைத் திரையில் பார்க்கக் கூச்சப்படுகிற நடிகரைப் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் டி. கல்லுப்பட்டிப் பக்கம் எடுத்த படம் அது. இங்கே தியேட்டருக்கே வராமல், வெளிநாட்டில் விருது வாங்கியது. அதில் மாட்டுத் தரகராகப் பதினைந்து நாள் நடித்ததாக முத்திருளன் சொல்லி வந்திருந்தார்.

அவர் மனைவி ஜெயக்கொடியின் அண்ணன்தான் சுருளி. துபாயிலிருந்து வந்தவர் வீடியோ டெக்கோடு அந்தப் படத்தின் கேசட்டையும் தேடிப் பிடித்து வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தங்கையின் திருநகர் வீட்டில் எல்லோரையும் கூட்டிவிட்டார்.

சந்தை வந்தது. மாடு வந்தது. ஒரு கிழவர் ஆளில்லாத பக்கத்தைப் பார்த்து நெடுநேரம் விலை பேசினார். பதில் குரல் கேட்டது. பதில் சொன்னவரின் மூக்கு நுனி மட்டும் திரையின் ஓரத்தில் வந்து வந்து போனது. அவ்வளவுதான், சந்தை கலைந்துவிட்டது.

“மாட்டப் பாத்தேன், மாப்ளயக் காணோமே. இருட்டுல நின்னீங்களோ?” சுருளி டிவியின் வெளிச்சத்தைக் கூட்டினார். படம் பால் ஊற்றியதுபோல வெளுத்ததே தவிர, புதிதாக யாரும் தென்படவில்லை. டேப்பைப் பின்னுக்கு ஓட்டி மறுபடி போட்டார். நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். நிறுத்திய இடத்தில் படம் கோடு கோடாக நடுங்கியது.

“விடுங்க. எட்டு வருசமா முத்திருளண்ணன் நமக்குக் காட்டுன படந்தான் நல்ல படம்” என்றாள் சுருளியின் மனைவி சின்னத்தாய். வீடே சிரித்தது.

முத்திருளனுக்குக் காது மடல் சுட்டது. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். ஜெயக்கொடி என்ன நினைப்பாள்? அவள் இருந்த பக்கம் மட்டும் அவரால் திரும்ப முடியவில்லை.

அவள்தான் எழுந்தாள். “ராஜாராமன் சார், காலைல ஒயர மாட்டையில, படத்தோட ஓரத்த வெட்டுறதப் பத்தி என்னமோ சொன்னீங்களே, அத இவுகளுக்கும் சொல்லுங்க.”

பக்கத்து வீட்டு ராஜாராமன், கல்லூரியில் பௌதிகம் நடத்துபவர். ஃபிலிம் சொசைட்டிக்குச் செயலாளர். இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்போல எழுந்து, முத்திருளனின் தோளில் கிடந்த துண்டை உருவி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.

“இதான் தியேட்டர்ல விழற படம். உயரம் ஒரு பங்குன்னா அகலம் ரெண்டே கால் பங்குக்கும் மேல. டிவி பொட்டியோ கிட்டத்தட்டச் சதுரம். இத அதுக்குள்ள எப்படி அடைப்பீங்க?”

“நானா இருந்தாச் சுருட்டித் திணிச்சிருவேன்” என்றார் சுருளி.

“அகலத்த முழுசா வச்சா, படம் சிறுத்து மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை விழும். கேசட் வாங்கினவன் டிவி ரிப்பேராயிடுத்துன்னு பதறுவான். அதனால கேசட் போடறவன் என்ன பண்றான்னா…” துண்டின் இரண்டு ஓரங்களையும் பின்னால் மடித்தார். நடுவில் ஒரு சதுரம் மிஞ்சியது. “பாத்தீங்களா, பாதிப் படம் போச்சு! டைட்டில்ல ஒவ்வொரு பேருக்கும் முன்னாடி பின்னாடி எழுத்தே இல்லையே, கவனிச்சீங்களா? அந்தக் கிழவர் காத்தோட பேசலை. எதிர்ல ஆள் இருக்கார். மூக்கு மட்டும் தப்பிச்சு வந்திருக்கு!”

“அட!” என்றது கூட்டம்.

“அப்ப நீங்க எந்தப் பக்கம் நின்னீங்க மாப்ள?” என்று கேட்டார் சுருளி.

முத்திருளன் மடித்த துண்டைப் பார்த்தார். “சார், எந்தப் பக்கம் வெட்டியிருக்கான்?”

“ரெண்டு பக்கமும்.”

“அப்ப… ஓரமாத்தான் நின்னேன்.”

“அடப் பாவிகளா, எங்க மாப்ளய வெட்டிப்புட்டாய்ங்களே!” சுருளி அவரைக் கட்டிக்கொண்டார். சின்னத்தாயே முதல் ஆளாகக் காப்பியை நீட்டி, “மனசுல வச்சுக்காதீங்கண்ணே” என்றாள். இத்தனை நேரம் பட்ட கேலியைவிட அந்தக் காப்பிதான் முத்திருளனுக்கு அதிகம் கசந்தது.

எல்லோரும் கிளம்பிப் போனார்கள். ஜெயக்கொடி பாயைச் சுருட்டத் தொடங்கினாள். அத்தனை பேர் முன்னால் தனக்காக எழுந்து நின்றவளிடம் இதற்கு மேலும் மறைக்க அவருக்கு மனம் வரவில்லை.

“ஜெயக்கொடி… வெட்டுனதுலயும் நான் இல்ல. அந்தப் படத்துல நான் நடிக்கவே இல்ல. கல்லுப்பட்டிப் பக்கமே நான் போகல. அந்தப் பதினஞ்சு நாளும் நான்…” தரையைப் பார்த்தபடி நின்றார்.

அவள் பாயை மூலையில் சாத்தினாள்.

“தெரியும். அந்தப் பதினஞ்சு நாளும் ஜெயில் வாசல்லதாங்க நான் உக்காந்திருந்தேன்.”